சிபி4 பம்பு ரீகால்: பம்பை மட்டும் மாத்தினா வேலை முடிஞ்சுதா?

#1 டல்லாஸ் கார்த்தி

2019, 2020 மாடல் ராம் 2500, 3500 பிக்கப் பழைய வண்டி வாங்கறதைப் பத்தி இங்கே தனித்தனியா நிறைய கேள்வி வருது. எல்லாத்தையும் ஒரே இழையில் வெச்சுக்கலாம்.

விவரம்: 6.7 லிட்டர் கம்மின்ஸ் டீசல், பாஷ் சிபி4 ஹைபிரஷர் பம்பு (டீசலை அதிக அழுத்தத்துல இன்ஜினுக்குத் தள்ளற பம்பு). ஓடிக்கிட்டிருக்கும்போதே இன்ஜின் அணையுதுன்னு வந்த புகார்களை வெச்சு 2021 அக்டோபர்ல என்.எச்.டி.எஸ்.ஏ. (அமெரிக்க அரசோட சாலைப் பாதுகாப்பு அமைப்பு) விசாரணை தொடங்கிச்சு. அடுத்த மாசமே கம்பெனி ரீகால் (வண்டியைத் திரும்ப அழைச்சு இலவசமா சரி செய்யறது) அறிவிச்சது. ரீகால் எண் 21வி-880. மொத்தம் 2,22,410 வண்டி, 2500ல இருந்து 5500 வரைக்கும் எல்லா ரகமும் சேர்த்து. சிபி4-ஐ எடுத்துட்டு முந்தைய சிபி3 ரகத்தையே மாட்டறாங்க. 2021 மாடல்ல தொழிற்சாலையிலேயே சிபி3-க்குத் திரும்பிட்டாங்க.

விக்கிறவர் "ரீகால் முடிஞ்ச வண்டி"ன்னு ஒரு தாளைக் காட்டறார். அந்தத் தாளை எவ்வளவு தூரம் நம்பலாம்? ரெயில் (பம்பு தள்ற டீசல் அழுத்தத்தோட நிக்கற குழாய்), இன்ஜெக்டர் (அதை சிலிண்டருக்குள்ள தெளிக்கறது), டேங்க் இதெல்லாம் பார்த்திருப்பாங்களா? ரீகால் வர்றதுக்கு முன்னாடியே சொந்தக் காசுல வேலை செஞ்சவங்களுக்குப் பணம் கிடைக்குமா?

#2 கோவை பம்ப்லேப்

தம்பி, ரீகால் வேலை சரியா நடந்துதான்னு பார்க்கணும்னா அந்தப் பம்பு எப்படிக் கெட்டுப்போகுதுன்னு முதல்ல தெரியணுங்க.

சிபி3-ல மூணு பிளஞ்சர் (டீசலை அழுத்தற தண்டு), 120 டிகிரி இடைவெளியில. நடுவுல எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் (மையம் விலகிச் சுத்தற தண்டு), அதுமேல ஒரு பாலிகன் ரிங் (பட்டையான முகங்கள் உள்ள வளையம்). ரிங்கோட தட்டையான முகம் டேப்பெட்டோட (பிளஞ்சரைத் தள்ளற கிண்ணம்) தட்டையான முகத்தைத் தள்ளுது. டேப்பெட் தன் இடத்துல கொஞ்சம் சுத்தினாலும் ஒண்ணும் ஆகாது. உடம்பு வார்ப்பிரும்பு.

சிபி4.2-ல ரெண்டே பிளஞ்சர், 'வி' மாதிரி 90 டிகிரியில. உடம்பு அலுமினியம். ஷாஃப்ட்ல ரெட்டை மூக்குள்ள கேம். அதுமேல உருள்ற ரோலர் ஒரு பக்கெட்டுக்குள்ள உட்கார்ந்திருக்கும். ரோலரோட அச்சும் கேம் ஷாஃப்டோட அச்சும் எப்பவும் ஒரே திசையில இருந்தாகணும். சிக்கல் என்னன்னா, பக்கெட்டைத் திரும்ப விடாம பிடிச்சு வைக்க சாவி மாதிரி ஒண்ணும் இல்லைங்க. ஸ்பிரிங்கோட அழுத்தமும் ரோலர் கேமை ஒட்டி ஓடறதும்தான் அதை நேரா வெச்சிருக்கு.

டீசல்ல காத்து வந்தாலோ, சப்ளை பிரஷர் குறைஞ்சாலோ, எண்ணெய்ப் படலம் மெலிஞ்சாலோ ரோலர் உருளாம சறுக்கும். சறுக்கற வேகத்துல பக்கெட் திரும்பிடும். திரும்பின ரோலர் கேம் மூக்குல குறுக்க உரசும். அப்புறம் எஃகுத் துகள், கூடவே பக்கெட் தேய்ச்ச அலுமினியத் தூள்.

இதுக்கு மேலதான் உண்மையான சேதம். சிபி4-ல கேம் அறைக்குள்ள உயவுக்காகச் சுத்தற அதே டீசல்தான் மீட்டரிங் வால்வு (எவ்வளவு டீசல் போகணும்னு அளந்து விடறது) வழியா பிளஞ்சருக்கும் போகுது. இடையில துகளைத் தடுக்கப் பெருசா எதுவும் கிடையாது, வால்வு மூக்குல சின்ன வலை மட்டும்தான். அதனால தூள் ஒரு பக்கம் ரெயிலுக்கும் இன்ஜெக்டருக்கும் போகும், இன்னொரு பக்கம் ரிட்டர்ன் லைன்ல டேங்குக்குப் போகும். பிளஞ்சருக்கும் அது ஓடற பேரலுக்கும் நடுவுல இருக்கற இடைவெளியே ரெண்டு மூணு மைக்ரான்தான். அந்த இடத்துல எஃகுத் தூள் போனா என்ன ஆகும்னு சொல்லவே வேண்டாங்க.

ஆக, பம்பு நல்லா இருக்கும்போதே மாத்தின வண்டி வேற, உள்ளே தூள் கொட்ட ஆரம்பிச்ச பிறகு மாத்தின வண்டி வேற. ரெண்டுக்கும் ஒரே மாதிரி தாள்தான் கையில வரும்.

#3 நாமக்கல் டீசல்

பம்பு மேல பழி போடறது சுலபமுங்க. அமெரிக்காவுல டீசலே வழவழப்பு இல்லாத டீசல். சல்பரை எடுத்தாங்க, கூடவே உயவுத்தன்மையும் போச்சு. ஐரோப்பாவுல இதே பம்பு லட்சக்கணக்குல ஓடுது.

#4 கோவை பம்ப்லேப்

பாதி சரிங்கண்ணா. எண்ணோட பார்ப்போம்.

டீசலோட உயவுத்தன்மையை அளக்க எச்.எஃப்.ஆர்.ஆர். சோதனை இருக்கு. 6 மில்லிமீட்டர் எஃகுக் குண்டை 200 கிராம் எடையோட ஒரு தட்டு மேல வெச்சு, 60 டிகிரி டீசலுக்குள்ள, நொடிக்கு 50 தடவை, 1 மில்லிமீட்டர் தூரம், 75 நிமிஷம் தேய்ப்பாங்க. குண்டுல விழற தேய்மான வட்டத்தை மைக்ரான்ல அளப்பாங்க. வட்டம் சின்னதா இருந்தா டீசல் நல்ல டீசல். ஐரோப்பிய இ.என். 590 தரத்துல உச்சவரம்பு 460 மைக்ரான். நம்ம பி.எஸ். 6 டீசலுக்கும் 460தான். அமெரிக்க டி975 தரத்துல 520.

அந்தப் பம்பு தயாரிப்பாளரோட எதிர்பார்ப்பு 460. 520 வரைக்கும் சட்டப்படி விக்கிற நாட்டுல அந்தப் பம்பை மாட்டினது யாரு? வண்டிக் கம்பெனிதானுங்களே. பங்க்ல விக்கிற டீசலோட தரம் ரகசியம் இல்லை. அந்த டீசல்ல தாங்கற பம்பைத் தேர்ந்தெடுக்கறது டிசைன் பொறுப்பு. அதனாலதான் இது ரீகால், இல்லேன்னா "உங்க டீசல் சரியில்லை"ன்னு வாரண்டி மறுப்போட முடிஞ்சிருக்கும்.

#5 நாமக்கல் டீசல்

அந்தக் கணக்கு சரிதானுங்க. ஆனா நம்ம ஊர்ல மண்ணெண்ணெய் கலந்த டீசல் ஊத்தின வண்டிக்கு எந்தத் தரமும் காப்பாத்தாது. மண்ணெண்ணெய்ல கெட்டித்தன்மையும் குறைவு, உயவும் குறைவு. பெட்ரோல் மாறி ஊத்தினா இன்னும் மோசம். அப்படி ஊத்திட்டா சாவியைப் போடவே கூடாது. ஆன் பண்ணினாலே டேங்க் பம்பு அதை முன்னாடி தள்ளிடும். வண்டியைத் தள்ளி நிறுத்தி டேங்கை இறக்கறதுதான் வழி.

பங்க்ல சந்தேகம் வந்தா அடர்த்தி பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். ஹைட்ரோமீட்டர் அவங்ககிட்ட இருக்கணும், 15 டிகிரிக்கு மாத்தின அடர்த்தி லோடு பில்லுல இருக்கறதோட ஒரு கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல வித்தியாசப்படக் கூடாது. கேட்கறதுக்குக் கூச்சப்பட வேண்டாம்.

#6 ஸ்காபரோ வாகீசன்

அண்ணை, குளிர்நாட்டுக்காரருக்கு இதில இன்னொரு பக்கம் இருக்கு. இங்கை கனடாவில பனிக்காலத்துக்கு டீசல் உறையாமல் இருக்க நம்பர் 1 டீசல் கலப்பினம். நம்பர் 2 டீசலின்ர பாகுநிலை 40 டிகிரியில 1.9 முதல் 4.1 சென்டிஸ்டோக் வரை, நம்பர் 1 எண்டால் 1.3 முதல் 2.4 வரைதான். மெல்லிய எண்ணெய், மெல்லிய படலம். கலக்கிற கம்பனி உயவுச் சேர்மானம் சேர்க்க வேணும், சேர்ப்பினம். ஆனால் தனியா மண்ணெண்ணெய் வாங்கி டாங்கிக்குள்ள ஊத்துறவைக்கு அந்தச் சேர்மானம் இல்லை. சிபி4 இருக்கிற வாகனத்தில அதைச் செய்யவே கூடாது.

உயவு கூட்டுறதுக்கு விலையான போத்தல் தேவையில்லை. 2 சதவீதம் பயோடீசல் சேர்ந்தாலே தேய்மான வட்டம் நல்லாக் குறையும். பங்கிலயே பி5 (5 சதவீதம் வரை பயோடீசல் கலந்தது) எண்டு விக்கிறதை நிரப்பினால் காணும்.

அதோட வடிகட்டி. தண்ணி பிரிக்கிற குவளையை ஒழுங்கா வடிச்சு விடாமல் விட்டால் எந்தச் சேர்மானமும் உதவாது. ரோலருக்குக் கீழ தண்ணித்துளி போற இடத்தில எண்ணெய்ப் படலம் அறுந்துபோம்.

#7 ஹூஸ்டன் செல்வன்

கார்த்தி கேட்ட சட்டப் பகுதிக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் பாதுகாப்புக் குறைபாடு என்று முடிவெடுத்த 5 வேலை நாட்களுக்குள் கம்பெனி என்.எச்.டி.எஸ்.ஏ.வுக்கு அறிக்கை தர வேண்டும். அடுத்த 60 நாட்களுக்குள் உரிமையாளர்களுக்குக் கடிதம் போக வேண்டும். பாகம் தயாராக இல்லாவிட்டாலும் இடைக்காலக் கடிதம் அனுப்பியாக வேண்டும். முதல் விற்பனையிலிருந்து 15 ஆண்டுக்குள் ரீகால் அறிவிப்பு வந்திருந்தால் வேலை இலவசம். நீங்கள் இரண்டாவது உரிமையாளரா நான்காவது உரிமையாளரா என்பது பொருட்டே இல்லை. ஓடிய மைல் கணக்கும் பொருட்டில்லை.

திறந்த ரீகால் உள்ள புது வண்டியை டீலர் விற்கக் கூடாது. பழைய வண்டிக்கு அந்தத் தடை கூட்டாட்சிச் சட்டத்தில் கிடையாது. ஆகவே பழைய வண்டி வாங்குபவர் தானே என்.எச்.டி.எஸ்.ஏ. தளத்தில் 17 இலக்க வின் எண்ணை (வண்டியின் அடையாள எண்) போட்டுப் பார்க்க வேண்டும். "முடிக்கப்படாத ரீகால் 0" என்று வந்தால் வேலை முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறது என்று மட்டும் பொருள். என்னென்ன பாகம் மாறியது என்று அதில் தெரியாது. அதற்கு டீலரின் ரிப்பேர் ஆர்டர் (செய்த வேலையை எழுதிய சீட்டு) வேண்டும். அதே பிராண்டின் எந்த டீலரிடமும் வின் எண்ணைக் கொடுத்துச் சர்வீஸ் வரலாற்றைக் கேட்கலாம்.

ரிப்பேர் ஆர்டரில் மூன்று விஷயம் தேடுங்கள்: மாட்டிய பம்பின் பாக எண், துகள் சோதனையின் முடிவு, இன்ஜின் கட்டுப்பாட்டு மென்பொருள் மாற்றம். சிபி3-யும் சிபி4-ம் டீசல் தள்ளும் விதம் வேறு என்பதால் மென்பொருளும் அதற்கேற்ப மாறியிருக்க வேண்டும். இந்த ரீகாலில் பம்பு எல்லோருக்கும் மாறும். ரெயில், இன்ஜெக்டர் போன்ற மற்றவை "தேவைப்பட்டால்" மட்டும். அந்த "தேவைப்பட்டால்" என்ற முடிவை எடுப்பது பட்டறையில் இருக்கும் ஒரு டெக்னீசியன். அவர் வால்வு வலையைப் பார்த்தாரா, என்ன பார்த்தார் என்று எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுதித் தரக் கேளுங்கள்.

பணம் திரும்பப் பெறுவது: ரீகாலுக்கு முன்பே அதே குறைபாட்டுக்காகச் செலவு செய்தவருக்குத் திருப்பித் தரும் திட்டத்தைக் கம்பெனி அறிவிக்க வேண்டும். விண்ணப்பத்தில் வின் எண், மைல் கணக்கு, பாகம் வாரியாகப் பிரித்த பில், பணம் கட்டியதற்கான சான்று நான்கும் வேண்டும். "எரிபொருள் சிஸ்டம் பழுது" என்று ஒற்றை வரியில் எழுதிய பில் பெரும்பாலும் நிற்காது. "ஹைபிரஷர் பம்பு உள்தேய்மானம், துகள் பரவல்" என்று காரணம் எழுதப்பட்டிருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முறை கடிதத்தில் இருக்கும்.

#8 டல்லாஸ் கார்த்தி

ரொம்ப நன்றி செல்வன் அண்ணா. அப்போ ரிப்பேர் ஆர்டர் இல்லாத வண்டியை நாமே எப்படிச் சோதிக்கறது? பம்ப்லேப் அண்ணா, வரிசையா சொல்ல முடியுமா?

#9 கோவை பம்ப்லேப்

சொல்றேன். சுலபமானதுல இருந்து ஆரம்பிக்கலாம்.

முதல்ல எந்தப் பம்பு மாட்டியிருக்குன்னு கண்ணால பாருங்க. ரெண்டு தலை 'வி' மாதிரி நின்னா, உடம்பு அலுமினியமா இருந்தா அது சிபி4. ஷாஃப்டைச் சுத்தி மூணு பக்கமும் புடைப்பு, உடம்பு வார்ப்பிரும்புன்னா சிபி3. ரீகால் முடிஞ்சுதுன்னு தாள் இருந்து, கண்ணுல சிபி4 தெரிஞ்சா அங்கேயே பேச்சை நிறுத்திடுங்க.

அடுத்து ஃபில்டர். இந்த வண்டியில ரெண்டு ஃபில்டர்: சேஸிஸ்ல ஒண்ணு, இன்ஜின் பக்கத்துல ஒண்ணு. சேஸிஸ் ஃபில்டர்ல இருந்து அரை லிட்டர் சுத்தமான கண்ணாடிப் பாட்டில்ல வடிங்க. அஞ்சு நிமிஷம் அசையாம வெச்சுட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க. அடியில தண்ணி நின்னா தனியாத் தெரியும். மினுமினுப்பு இருந்தா பாட்டிலுக்கு வெளியே காந்தத்தை வெச்சு இழுத்துப் பாருங்க. காந்தத்தோட நகர்றது எஃகு, அதாவது ரோலரும் கேமும். நகராம மினுக்கறது அலுமினியம், பம்போட உடம்பு. ரிட்டர்ன்ல போன தூள் டேங்க்ல இருந்து திரும்ப வந்து இந்த ஃபில்டர்லதான் நிக்கும். அதனால பம்பு மாத்தி ரொம்ப நாள் ஆன வண்டியிலகூட இது பொய் சொல்லாது. ஃபில்டர் காகிதத்தை வெட்டிப் பிரிச்சு வெள்ளைத் துணி மேல விரிச்சுப் பார்க்கறது இன்னும் நல்லது.

மூணாவது ஸ்கேனர். ரெயில் பிரஷரோட கேட்ட அளவையும் கிடைச்ச அளவையும் ஒரே கிராஃப்ல போடுங்க. ஐடில், 2000 ஆர்.பி.எம்., முழு லோடு மூணுலயும். லோடு ஏறும்போது கிடைச்ச அளவு கேட்டதுக்குக் கீழேயே இழுத்துக்கிட்டு இருந்தா, இல்லை அலை அலையா ஆடினா சந்தேகம். எரர் கோடு (ஸ்கேனர் காட்டற பிழைக் குறியீடு) பி0087 வந்தா ரெயில் பிரஷர் குறைவு, பி0093 வந்தா பெரிய கசிவு. ஆனா பி0087 வந்ததும் ஹைபிரஷர் பம்புதான்னு முடிவு கட்டக் கூடாது. அடைஞ்ச ஃபில்டர், சோர்ந்த டேங்க் பம்பு, ரெயில் ரிலீஃப் வால்வு ஒழுகறது, இன்ஜெக்டர் ரிட்டர்ன் அதிகம் போறது, எல்லாமே அதே கோடைத்தான் தரும். எரர் கோடை யாராவது புதுசா அழிச்சிருக்காங்களான்னும் பாருங்க. ரெடினெஸ் மானிட்டர்கள் (வண்டி தானே செஞ்சுக்கற சோதனைகள்) முடியாம நின்னா நேத்தோ முந்தாநாளோ அழிச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

நாலாவது மீட்டரிங் வால்வு. இதைப் பட்டறையிலதான் செய்யணும். சுத்தி நல்லா கழுவி, காத்தடிச்சு, அப்புறம்தான் ஸ்க்ரூவைத் தொடணும். வால்வைக் கழட்டி மூக்குல இருக்கற வலையை லென்ஸ் வெச்சுப் பாருங்க. நல்ல பம்புல வலை சுத்தமா டீசல் நிறத்துல இருக்கும். கெட்டுப்போற பம்புல வெள்ளிப் பொடி ஒட்டியிருக்கும். திரும்ப மாட்டும்போது ஓ-ரிங் புதுசு. இது சிபி4 இன்னும் மாட்டியிருக்கற வண்டிக்குத்தான் முழுசா பயன்படும். மாத்தின பம்போட வலை சுத்தமா இருந்தா பழைய பம்பு சுத்தமா இருந்ததுன்னு ஆகாது.

மாத்தின வண்டிக்குப் பார்க்க வேண்டிய இடம் வேற. கம்மின்ஸ்ல ரெயில்ல இருந்து இன்ஜெக்டருக்குப் போற வழியில, சிலிண்டர் ஹெட்டுக்குள்ள கனெக்டர் டியூப் இருக்கு. அதுக்குள்ள ஒரு எட்ஜ் ஃபில்டர் (துகளைப் பிடிக்கற சின்ன வடிகட்டி). தூள் ரெயிலைத் தாண்டியிருந்தா அங்கே சிக்கியிருக்கும். ஒரு சிலிண்டரோட டியூபைக் கழட்டிப் பார்த்தாலே கதை தெரிஞ்சுடும்.

#10 ஸ்காபரோ வாகீசன்

ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து எல்லாரும் வாசியுங்கோ. இன்ஜின் ஓடேக்க ஹைபிரஷர் பைப்பில கசிவைக் கையால தடவிப் பார்க்கக் கூடாது. 1,600, 2,000 பார் பிரஷரில வாற டீசல் தோலைத் துளைச்சு உள்ள போகும். கையுறையும் தடுக்காது. வெளியில ஊசி குத்தின அளவு காயம்தான் தெரியும், உள்ள திசு அழுகும். அப்பிடிப் பட்டால் வலி இல்லாட்டிலும் உடன அவசரப்பிரிவுக்குப் போய் "ஹைபிரஷர் டீசல் தோலுக்குள்ள போயிட்டுது" எண்டு சொல்ல வேணும். சத்திரசிகிச்சை தேவைப்படும், மணித்தியாலக் கணக்கில பிந்தினாலே விரல் போகும்.

கசிவு பார்க்கிறதெண்டால் நீளமான மட்டையை (கார்ட்போர்ட்) காட்டுங்கோ. கழட்டுறதுக்கு முன்னம் இன்ஜினை நிப்பாட்டி குறைஞ்சது 10 நிமிசம் விட்டு, ஸ்கானரில ரெயில் பிரஷர் பூச்சியம் எண்டு கண்ட பிறகு ஸ்பானரை வையுங்கோ.

#11 சென்னை இன்ஜின் மாலதி

கசிவு என்றதும் சொல்ல வேண்டியது: டீசல் சிஸ்டம் ரீகால் எல்லாம் பம்பு ரீகால் இல்லை. 2011 அக்டோபரில் ஃபோக்ஸ்வாகன் அமெரிக்காவில் சுமார் 1.68 லட்சம் டி.டி.ஐ. (டீசல்) வண்டிகளைத் திரும்ப அழைத்தது. கோல்ஃப், ஜெட்டா, ஆடி ஏ3. காரணம், 2ஆவது சிலிண்டரின் இன்ஜெக்ஷன் பைப்பில் மயிரிழை விரிசல். இன்ஜெக்டர் திறந்து மூடும் அதிர்வின் அலைவெண்ணும் பைப்பின் இயல்பான அலைவெண்ணும் ஒன்றாகி, பைப் தொடர்ந்து நடுங்கியதுதான் மூலம். சூடான இன்ஜின் அறையில் பனி போல டீசல் தெளித்தால் தீப்பிடிக்கும். டீசல் பெட்ரோல் போலச் சட்டெனப் பற்றாது என்ற நம்பிக்கை திரவமாகக் கொட்டிக்கிடக்கும் டீசலுக்குத்தான் பொருந்தும், பிரஷரில் தூவலாக வருவதற்குப் பொருந்தாது.

இதில் பட்டறைக்காரர்களுக்கு ஒரு பாடம் உண்டு. இன்ஜெக்ஷன் பைப்பின் கிளிப், ரப்பர் தாங்கி, டேம்பர் எல்லாம் அழகுக்காக வைத்தவை இல்லை. இன்ஜெக்டர் வேலை முடித்துவிட்டு இரண்டு கிளிப்பை மாட்டாமல் விட்டால் பைப்பின் அலைவெண் மாறிவிடும். நாமே ஒரு விரிசலைத் தயாரித்துக் கொடுத்ததாக ஆகும்.

#12 திருச்சி ரமேஷ்

இந்தியாவுல இதுக்கெல்லாம் ரீகால் உண்டா? நம்ம சர்வீஸ் சென்டர்ல போனா "டீசல் சரியில்லை"ன்னு சொல்லி அனுப்பிடறாங்க.

#13 சென்னை இன்ஜின் மாலதி

உண்டு ரமேஷ். இரண்டு உதாரணம், இரண்டும் எரிபொருள் தொடர்பானவை.

2016 மே மாதம் மாருதி, ஏர்பேக் மென்பொருளுக்காக பலேனோ ரீகால் அறிவித்தபோது கூடவே 15,995 பலேனோ டீசலையும், ஏ.ஜி.எஸ். (தானாக மாறும்) கியர் கொண்ட 1,961 டிசையர் டீசலையும் ஃபில்டர் குறைபாட்டுக்காக அழைத்தது. ஃபில்டரைச் சின்னப் பாகம் என்று நினைக்கக் கூடாது. ஹைபிரஷர் பம்புக்கு முன்னால் இருக்கும் ஒரே காவல் அதுதான்.

2021 ஜூலையில் மஹிந்திரா நாசிக் தொழிற்சாலையில் தயாரான 600க்கும் குறைவான டீசல் வண்டிகளை அழைத்தது. ஜூன் 21 முதல் ஜூலை 2 வரை தயாரானவை. தொழிற்சாலைக்கு வந்த எரிபொருளே மாசுபட்டிருந்ததால் இன்ஜின் பாகங்கள் பாதிக்கப்படலாம் என்பது காரணம். அசெம்பிளி முடிந்து முதன்முதலாக ஊற்றும் சில லிட்டர் டீசலே ஒரு ரீகாலுக்குப் போதும் என்பதை அது காட்டுகிறது.

2012இலிருந்து வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாம் அமைப்பின் தன்னார்வ ரீகால் முறை இருக்கிறது. சட்டப்படியான கட்டாயம் வந்தது 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 110ஏ பிரிவில். அதற்கான விதி 127சி, 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும். அரசு உத்தரவிட்டு ரீகால் நடந்தால் கம்பெனிக்கு 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம்.

கவனிக்க வேண்டிய இடம் புகாரின் எண்ணிக்கை. ஆண்டுக்கு 10,000க்கு மேல் விற்கும் கார் மாடல் என்றால் 1,250 புகார் சேர்ந்தால்தான் கட்டாய ரீகாலுக்கான வழி திறக்கும். சர்வீஸ் சென்டர் கவுன்டரில் போட்ட சண்டை அந்தக் கணக்கில் சேராது. போக்குவரத்து அமைச்சகத்தின் வாகன் தளத்தில் ரீகால் புகாராகப் பதிந்தால்தான் சேரும். ஆகவே பம்பு போனவர்கள் ஒவ்வொருவரும் பதியுங்கள். "ஓடும்போது இன்ஜின் அணைந்தது, ஸ்டியரிங் கனமானது, பிரேக் உதவி குறைந்தது" என்று பாதுகாப்பு விளைவை முதல் வரியிலேயே எழுதுங்கள். "மைலேஜ் இல்லை, புகை வருகிறது" என்று தொடங்கினால் அது பாதுகாப்புப் புகாராக எடைபோடப்படாது.

"டீசல் சரியில்லை" என்று மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். எந்த மாதிரி, எந்த லேப், எந்தச் சோதனை, என்ன அளவு. லேப் அறிக்கை இல்லாத மறுப்பை நுகர்வோர் ஆணையத்தில் எதிர்க்கலாம். வண்டி நின்ற அன்றே டேங்கிலிருந்து ஒரு லிட்டர் எடுத்துச் சீல் வைத்து, பங்க் பில்லோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டியைச் சர்வீஸ் சென்டருக்கு விட்ட பிறகு அந்த டீசல் உங்களுக்குத் திரும்பக் கிடைக்காது.

#14 ஹூஸ்டன் செல்வன்

மாலதி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ரீகாலும் வாரண்டி நீட்டிப்பும் ஒன்றல்ல, ஆனால் கடிதங்கள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

2001–2004 டுராமேக்ஸ் எல்.பி.7 இன்ஜினில் இன்ஜெக்டர்கள் தொடர்ந்து கெட்டபோது ஜி.எம். கொடுத்தது 7 ஆண்டு அல்லது 2 லட்சம் மைல் சிறப்புக் காப்பு. ஃபோக்ஸ்வாகன் டி.டி.ஐ. பம்புக்கு என்.எச்.டி.எஸ்.ஏ. விசாரணை நடந்தும் கடைசியில் வந்தது 10 ஆண்டு அல்லது 1,20,000 மைல் வாரண்டி நீட்டிப்பு. இரண்டிலும் பாகம் கெட்ட பிறகுதான் மாற்றுவார்கள், கெடுவதற்கு முன் மாற்ற மாட்டார்கள். காலமோ மைலோ தாண்டினால் அதுவும் இல்லை.

இன்னும் கசப்பானது: அதே சிபி4.2 பம்பு கொண்ட 2011–2016 டுராமேக்ஸ் எல்.எம்.எல்.லுக்குப் பாதுகாப்பு ரீகால் வரவே இல்லை. 7 மாநில உரிமையாளர்கள் வழக்கு நடத்தி 5 கோடி டாலர் சமரசம் பெற்றார்கள். மறுபக்கம் 2014–2019 ராம் 1500, 2014–2020 கிராண்ட் செரோக்கி ஆகியவற்றின் 3 லிட்டர் டீசலுக்கு 2022இல் ரீகால் வந்தது, சுமார் 1.38 லட்சம் வண்டி. பம்பு குடும்பம் ஒன்று, கெடும் விதமும் ஒன்று, தீர்வு மட்டும் வண்டியின் பெயர்ப்பலகையைப் பொறுத்து மாறுகிறது. இது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. வாங்கும் முன் உங்கள் மாடலுக்கு வந்தது எது என்று பாருங்கள்.

#15 திருச்சி ரமேஷ்

ரீகால் இல்லாத மாடலுக்கு பைபாஸ் கிட்னு ஒண்ணு விக்கறாங்களே, பிரயோஜனம் உண்டா?

#16 கோவை பம்ப்லேப்

உண்டு, ஆனா அது என்ன செய்யும்னு தெரிஞ்சு வாங்கணுங்க. பம்பு சாகறதை அது தடுக்காது. கேம் அறையில சுத்தின டீசல் நேரா பிளஞ்சருக்குப் போகாம, ரிட்டர்ன் வழியா டேங்குக்குப் போற மாதிரி பாதையை மாத்தும். பிளஞ்சருக்கு ஃபில்டர்ல இருந்து வந்த சுத்தமான டீசல் தனியாப் போகும். பம்பு போனா பம்பும், டேங்க் கழுவற வேலையும், ஃபில்டரும் செலவு. ரெயில், இன்ஜெக்டர் தப்பிக்கும். முழு சிஸ்டம் மாத்தினா அமெரிக்காவுல 8,000ல இருந்து 10,000 டாலருக்கு மேல போற வேலை, அதுல பெரும்பங்கு இன்ஜெக்டர்தான். அந்த அளவுல கிட் லாபம். வாரண்டி இருக்கற வண்டியில மட்டும் மாட்டறதுக்கு முன்னாடி யோசிங்க, கம்பெனி அதையே காரணமாக் காட்டும்.

#17 நாமக்கல் டீசல்

தூள் பரவின வண்டிக்கு முழு வேலைன்னா எதெல்லாம்னு பட்டியல் போட்டுடறேன், எஸ்டிமேட் வாங்கறவங்களுக்கு உதவும். பம்பு, மீட்டரிங் வால்வு, ரெயில், ரெயில் சென்சர், ரிலீஃப் வால்வு, எல்லா இன்ஜெக்டரும், ஹைபிரஷர் பைப் எல்லாம், கனெக்டர் டியூப் இருந்தா அதுவும், ரிட்டர்ன் லைன், ரெண்டு ஃபில்டரும். டேங்கை இறக்கிக் கழுவணும், டேங்க் பம்பு வலையைப் பார்க்கணும், லோ பிரஷர் லைனை எதிர்த்திசையில கழுவணும்.

"இன்ஜெக்டரை டெஸ்ட் பெஞ்ச்ல போட்டோம், நல்லா இருக்கு, அதையே மாட்டிக்கலாம்"னு சொன்னா ஒத்துக்காதீங்க. உள்ளே சிக்கின ஒரு துகள் பெஞ்ச்ல தெரியாது. அப்புறம் நாசில் மூடாம நின்னுச்சுன்னா அந்த சிலிண்டர்ல டீசல் கொட்டிக்கிட்டே இருக்கும், பிஸ்டன் தலை உருகிடும். அப்போ பம்புக்கு ஆகிற செலவு இன்ஜினுக்கு ஆகும்.

#18 கோவை பம்ப்லேப்

நாமக்கல் அண்ணா சொன்ன பட்டியல்ல ஒரு துளிகூடக் குறைக்கக் கூடாது. அதோட கடைசி வேலை ஒண்ணு இருக்கு: ஏர் எடுக்கறது, அதாவது டீசல் லைன்ல இருக்கற காத்தை வெளியேத்தறது. புதுப் பம்பை உலர்ந்தபடியே செல்ஃப் அடிச்சா முதல் நிமிஷத்துலயே கேம்ல கீறல் விழும். பழைய வண்டி பழக்கத்துல நட்டைத் தளர்த்திவிட்டு செல்ஃப் அடிக்கற வேலையை இந்தப் பம்புல செய்யவே கூடாது.

டேங்க்ல எலக்ட்ரிக் பம்பு இருக்கற வண்டியில சாவியை ஆன்ல வெச்சு 30 நொடி விடுங்க, ஆஃப் பண்ணுங்க, திரும்ப ஆன். செல்ஃப் அடிக்காம இதை நாலஞ்சு தடவை செய்யணும். ஸ்கேனர்ல பிரைமிங் கட்டளை இருந்தா அதுவே நல்லது. ரிட்டர்ன்ல குமிழி இல்லாத டீசல் வர்ற வரைக்கும் விடணும். அப்புறம் செல்ஃப் 10, 15 நொடிக்கு மேல ஒரே மூச்சா அடிக்கக் கூடாது, நடுவுல ரெண்டு நிமிஷம் இடைவெளி. சாதாரண ஃபில்டர் மாத்தினாலும் இதே முறைதான். டேங்க்ல கால்வாசிக்குக் கீழே விடாம ஓட்டறதும் இதே காரணத்துக்குத்தான், சரிவுல காத்து இழுத்துடும்.

#19 டல்லாஸ் கார்த்தி

இவ்வளவு போதும், தெளிவா இருக்கு. நான் புரிஞ்சுக்கிட்டது சரியான்னு சொல்லுங்க: வின் எண் போட்டுப் பார்க்கணும், ரிப்பேர் ஆர்டர்ல துகள் சோதனை முடிவு கேட்கணும், இல்லேன்னா சேஸிஸ் ஃபில்டரைப் பிரிச்சும் ஒரு கனெக்டர் டியூபைக் கழட்டியும் பார்க்கணும். விக்கிறவர் கழட்ட விடமாட்டேன்னு சொன்னா?

#20 கோவை பம்ப்லேப்

ஃபில்டரையாவது பிரிக்க விடச் சொல்லுங்க, அதுக்குப் புது ஃபில்டர் நீங்களே வாங்கிக் கொடுத்துடுங்க. அதுக்கும் சம்மதிக்கலேன்னா வேற வண்டி பாருங்க தம்பி. டியூப் கழட்டற வேலையை டீலர்கிட்டயே செய்யச் சொல்லலாம். திரும்ப மாட்டும்போது டியூப் நட்டுக்கு டார்க் ரெஞ்ச் கட்டாயம், மேனுவல் அளவுக்குத்தான் இறுக்கணும். கொஞ்சம் தளர்ந்தாலும் இன்ஜெக்டர் வாய்ல டீசல் ஒழுகி ரிட்டர்ன்ல போகும், ஸ்டார்ட் ஆகாது, அப்புறம் நல்ல இன்ஜெக்டரைக் கெட்டதுன்னு சொல்லி மாத்துவாங்க.

#21 ஹூஸ்டன் செல்வன்

ரீகால் இன்னும் முடியாத வண்டியாக இருந்தால் அதையும் பயன்படுத்திக்கொள்ளலாம் கார்த்தி. விலையை முடிக்கும் முன் விற்பவரையே டீலரிடம் விடச் சொல்லுங்கள், ரீகால் வேலை இலவசம் என்பதால் அவருக்குச் செலவில்லை. கழட்டிய சிபி4-இன் மீட்டரிங் வால்வு வலையைப் படம் எடுத்து ரிப்பேர் ஆர்டரோடு இணைக்கச் சொல்லி, வண்டியை விடும்போதே எழுத்தில் கொடுங்கள். பம்பைக் கழட்டி அனுப்பிய பிறகு கேட்டால் படம் கிடைக்காது.